இன்ஜினியரிங் சேர்ந்தாச்சு... தேடத் தெரியுமா?

மகனோ மகளோ இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்தாச்சு. வீட்டிற்குப் புது கம்ப்யூட்டரும் நெட் கனெக்‌ஷனும் வந்தாச்சு. இனி அசைன்மென்ட் எல்லாம் சுலபம் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலாண்டில், ஒரு ஸ்டீல் பீம் எவ்வளவு வளையும் என்று கணக்குப் போடச் சொன்னார்கள். அதற்கு ஸ்டீலின் யங்ஸ் மாடுலஸ் தேவை. கூகுளில் முதலில் வந்த பக்கத்தில் 29 என்று இருந்தது. அப்படியே 29 ஜிகா பாஸ்கல் என்று போட்டுவிட்டேன். உண்மையில் அது 29 மில்லியன் பிஎஸ்ஐ. அதாவது சுமார் 200 ஜிகா பாஸ்கல். என் பீம் ஏழு மடங்கு அதிகமாக வளைந்தது! "இந்த மதிப்பை எங்கே எடுத்தாய்?" என்று ஆசிரியர் கேட்டார். எந்தத் தளம் என்பதுகூட எனக்கு நினைவில்லை. மார்க் போனதைவிட அதுதான் வெட்கமாக இருந்தது.

பெரியவர்களும் இப்படித் தவறியிருக்கிறார்கள். நாசா 1998 டிசம்பரில் அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்தது. ஒரு குழுவின் சாப்ட்வேர் பவுண்டு கணக்கில் தந்த மதிப்பை, இன்னொரு குழு நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. குழுக்களுக்கிடையே தகவல் பரிமாற்றம் போதவில்லை என்றும் விசாரணையில் சொன்னார்கள்.

தேடும்போது

* சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் டைப் செய்யுங்கள். அதே வரிசையில் அந்தச் சொற்கள் உள்ள பக்கங்கள் கிடைக்கும்.
* ஆங்கிலத்தில் சைட் என டைப் செய்து, கோலன் இட்டு, இடைவெளி விடாமல் ஏசி.இன் சேர்த்தால் இந்தியக் கல்வி நிறுவனத் தளங்களில் மட்டும் தேடும்.
* ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம்.
* யார் எழுதியது, எப்போது எழுதியது, என்ன அலகு என்று பாருங்கள். இன்னொரு இடத்திலும் சரிபாருங்கள். ஏஐ சாட் தரும் விடைக்கும் இது பொருந்தும். இல்லாத புத்தகத்தைக்கூட அது ஆதாரமாகக் காட்டிவிடும்.
* தள முகவரியையும் பார்த்த தேதியையும் நோட்பேடில் சேமித்து வையுங்கள்.

மெயில் அனுப்பும்போது

சப்ஜெக்டில் வெறுமனே 'டவுட் சார்' என்று போடாதீர்கள். 'பீம் அசைன்மென்ட், 3ஆம் கணக்கு: மாடுலஸ் மதிப்பில் சந்தேகம்' என்று எழுதுங்கள். உள்ளே என்ன செய்து பார்த்தீர்கள், என்ன விடை வந்தது, எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள் என்று மூன்றே வரியில் சொல்லுங்கள். பெயர், வகுப்பு, ரோல் நம்பர் கட்டாயம். அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இன்று ஆபீசில் என் வேலையில் பாதி, தேடுவதும் எழுதுவதும்தான். பெற்றோர்களே, கணக்கு உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. பிள்ளை அசைன்மென்ட் முடித்ததும், "இதை எங்கே பார்த்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் உடனே வந்தால், உங்கள் கம்ப்யூட்டர் நல்ல கைகளில் இருக்கிறது!