புறத்தே நின்ற மாணாக்கர்

அமெரிக்க நாட்டில் என்.பி.ஸி. நிறுவனத்தார் 1999-ஆம் ஆண்டில் தொலைக்காட்சி வாயிலாக வெளியிடத் தொடங்கிய 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' என்னும் தொடர்நாடகம், நகையும் அவலமும் விரவியது. பால் ஃபீக் என்பார் படைத்தது. மிச்சிகன் மாகாணத்தில் உள்ளதாகக் கற்பிக்கப்பட்ட மக்கின்லி உயர்தரப் பாடசாலையே களம், காலம் 1980-81.

கணிதத்தில் வல்ல லின்ட்ஸே, பாட்டியின் மரணத்தால் மனங்கலங்கி, தந்தையின் பழைய பட்டாளச் சட்டையை அணிந்துகொண்டு, படிப்பில் நாட்டமற்ற குழாத்தினரை நாடுகின்றாள். அவள் தம்பி ஸாமும், தோழர் நீலும் பில்லும் பிறர் ஏளனத்துக்கு இலக்கானவர்.

இத்தகைய கதைகளில் துன்புறுத்துவோன் வெறுங் கொடியவனாகவே வருதல் வழக்கம். இங்கோ அவ்வாறன்று. நிலக்கடலை பில்லின் உடலுக்கு ஒவ்வாது என்பதைப் பொய்யெனக் கருதிய ஆலன், அதனை அவனுணவில் மறைத்து வைக்கின்றான். பில் மூர்ச்சித்து வைத்தியசாலையிற் கிடக்கின்றான். அஞ்சி வந்த ஆலன், உணர்வற்றவன் அருகே தனித்திருந்து, தானும் விஞ்ஞானக் கதைகளில் விருப்புடையவனே என்றும், சிறுவகுப்பிற் பயின்ற நாளில் அவர்களோடு கூட விரும்பியும் சேர்க்கப்பட்டிலன் என்றும் மொழிகின்றான். தள்ளுண்டவரென நாம் இரங்கிய சிறுவர் தாமும் ஒருகால் பிறனைத் தள்ளியவர் அன்றோ! இந்நாடகத்தில் எனக்கு மிக உவப்பான இடம் இதுவே.

ஆக்கப்பெற்றவை 18 பாகங்கள். காண்போர் குறைவென்று, 12 பாகங்கள் வெளிவந்த அளவில், 2000-ஆம் ஆண்டில் நிறுவனத்தார் தொடரை நிறுத்தினர். இறுதிப் பாகத்தில், முரட்டுக் குழாத்துத் தலைவனான டானியல், அச்சிறுவரோடு அமர்ந்து பகடை உருட்டிக் கற்பனை விளையாட்டொன்றில் குள்ளனாக நடித்து மகிழ்கின்றான். மறுநாளும் ஆட விழைகின்றான். அவன் தம்மைப் போலாகிவிட்டானோ, தாம் உயர்ந்துவிட்டோமோ என ஐயுற்ற சிறுவர், பின்னதையே துணிகின்றனர்.