பாயில் பெயர் முளைக்கும் வீடு

வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்து விழுகிறது. அனுப்பியவர் யார் என்று அந்த நெசவு வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. விருந்துக்கு வரச்சொல்லியும் அனுப்பவில்லை. பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி மூன்றும் பிழையில்லாமல் பாயில் ஏற வேண்டும், அதற்காக வந்த பத்திரிகை அது!

ஊர் பத்தமடை. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் வரும். பத்தமடைப் பாய் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கல்யாணச் சீர்வரிசைதான். 2012-13இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பாய் பிறக்கிற அறைக்குள் எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. நான் பார்த்துவிட்டேன். அந்தக் குதூகலம் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கோரை. ஆற்றோரத்திலும் ஈரம் நிற்கிற இடங்களிலும் வளர்கிற சாதாரணப் புல். பச்சையாக இருக்கும்போதே அறுத்து, கீறி, காயவைக்கிறார்கள். நயமான பாய்க்கு அது போதாது. கட்டுக்கட்டாகத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். ஊறி உப்பிய கோரையை மறுபடி காயவைத்து, மறுபடி கீற வேண்டும். கையில் எடுத்துக் கொடுத்தார்கள். புல் என்று யாராவது சொன்னால் நம்பியிருக்க மாட்டேன், நூல் போலவே இருந்தது! அந்தக் காலத்தில் சிவப்புச் சாயத்துக்குச் சப்பங்கிக் கட்டையைக் கொதிக்கவைப்பார்களாம். இப்போது பெரும்பாலும் கடைச் சாயம்தான். வேலை சீக்கிரம் முடிகிறது, நிறமும் பளிச்சென்று விழுகிறது.

அடுத்தது தறி. பெரிய மரச்சட்டம் எதையோ எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். தரையோடு தரையாக இழுத்துக் கட்டிய பாவு நூல், மூங்கில் கம்புகள், ஓர் அச்சு. அவ்வளவே. ஒருவர் அச்சைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நீளமான குச்சியில் கோரையை மாட்டிக் குறுக்கே செலுத்துகிறார். அச்சு வந்து தட்டுகிறது. அடுத்த கோரை, அடுத்த தட்டு. நெய்த பகுதி நீள நீள, உட்கார்ந்திருக்கும் பலகையும் அதன்மேல் முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது. தான் நெய்த பாயின் மேலேயே அமர்ந்து மீதிப் பாயை நெய்கிற வேலை இது!

எனக்குத் தலைகால் புரியாமல் போனது எழுத்து நெய்யும்போதுதான். இங்கே பெயர் ஒவ்வொரு எழுத்தாக வருவதில்லை. எல்லா எழுத்துகளும் ஒரே நேரத்தில், வரி வரியாக முளைக்கின்றன. நெய்கிற அக்கா விரலால் பாவு நூலை எண்ணி, இத்தனை நூல் மேலே, இத்தனை நூல் கீழே என்று பிரித்து, சாயக் கோரையை விடுகிறார். முதல் சில வரிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிவப்புப் புள்ளிகள், கோடுகள். பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று ஒரு சுழி தெரிந்தது, பிறகு ஒரு கால், பிறகு முழுப்பெயர்!

"தமிழ்ல எழுதச் சொன்னாத்தாம்மா வேலை," என்றார் அவர். "எல்லாம் வளைவு. இங்கிலீஷ் எழுத்து பாதிக்கு மேல நேர்க்கோடுதான்."

சொல்லிவிட்டு அடுத்த வளைவைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போனார். தமிழில்தான் வேண்டும் என்று கேட்ட அந்த முகம் தெரியாத கல்யாண வீட்டை நான் மனதார வாழ்த்தினேன்.

பாயின் தரத்தை நூல் நம்பரை வைத்துச் சொல்கிறார்கள். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். நயமான பாய்க்கு 100 முதல் 140 நம்பர் வரை பருத்தி நூல் போடுவதுண்டு. பட்டு நூலைப் பாவாகப் போடுவதும் உண்டு. நல்ல பாய் துணி மாதிரி வழுக்கிக்கொண்டு மடங்கும். அப்படி ஒன்று முடிய ஒரு மாதமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். இணையத்தில் ‘நாளையே டெலிவரி’ என்று வருவது இந்தப் பாயாக இருக்க முடியாது. இதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி என்னவென்றால், நாம் செய்தி அனுப்பிய பிறகுதான் நம் பாய்க்குப் பாவு ஓடுகிறது. கடைக்காரர், மொத்த வியாபாரி என்று நடுவில் யாரும் இல்லாமல் கல்யாண வீடும் நெசவு வீடும் நேராகப் பேசிக்கொள்ள ஒரு கைப்பேசி போதும் என்றாகிவிட்டது. தூரத்து ஊர்க்காரர்களுக்கும் அந்த வீட்டுக் கதவு திறந்துவிட்டது!

வாங்க நினைப்பவர்கள் தயங்காமல் கேளுங்கள். பாவு பருத்தியா, நைலானா? எத்தனை நம்பர்? கைத்தறியா, விசைத்தறியா? விசைத்தறிப் பாயிலும் தவறில்லை, தினமும் விரித்துப் படுக்க அது போதும். ஆனால் அதைக் கைநெசவு விலைக்கு வாங்கக் கூடாது. ஒரு ரூபாய் நாணயத்தைப் பாயின்மேல் வைத்துக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கோரை எவ்வளவு மெல்லிசு என்று அந்த ஒரே படத்தில் தெரிந்துவிடும். நேராகப் பேசத் தயக்கம் என்றால், அரசின் பூம்புகார் நிறுவனம் கைவினைப் பொருள்களை இணையத்திலும் விற்கிறது. விலையை மட்டும் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். அந்த விரல்கள் நூல் எண்ணுவதைப் பார்த்தவர்களுக்கு அதற்கு வாய் வராது.

நெய்து முடிந்ததும் ஓரத்தைக் கத்தரித்து, கரைக்குத் துணி வைத்துத் தைத்து, வெயிலில் காட்டுகிறார்கள். துளி ஈரம் தங்கினாலும் வழியிலேயே பூஞ்சை பிடித்துவிடுமாம். பிறகு சுருட்டல். அட்டைக் குழாய்க்குள் பாய் போனதும் அக்காவின் மகன் இரண்டு முனையையும் டேப்பால் சுற்றோ சுற்றென்று சுற்றி, முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுதுகிறான்.

நானும் ஆர்டர் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் இப்போது கல்யாணம் எதுவும் இல்லை, என் அண்ணனுக்குப் பெண் பிறந்திருக்கிறாள். பெயரைச் சொன்னேன்.

"மூணே எழுத்தா?" அக்காவின் முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப எடம் நெறைய இருக்கும்மா. ரெண்டு பக்கமும் மயில் வச்சிருவோம்!"