உங்களுக்குத் தெரியுமா? இடித்த ஸ்டேஷன் எழுந்து நின்றது!

பிரிட்டனில் 1963இல் ஓர் அறிக்கை வெளியானது. எழுதியவர் டாக்டர் பீச்சிங். மூடச் சொன்ன ரயில் நிலையங்கள் 2,363! அதற்கு முன்பே இழுத்து மூடியவை தனிக்கணக்கு. ஆனால் சம்பளமே வாங்காத ஒரு கூட்டம் மண்வெட்டியும் கரணையுமாகக் கிளம்பிவிட்டது. அவர்கள் செய்ததைக் கேளுங்கள், அசந்துபோவீர்கள்!

★ இங்கிலாந்தின் பிராட்வே ஸ்டேஷன். திறந்தது 1904. மூடியது 1960. இடித்தது 1963. தண்டவாளத்தையும் பிறகு பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே தன்னார்வலர்கள் அஸ்திவாரம் தோண்டி, பிளாட்பாரம் எழுப்பி, ஸ்டேஷனையே புதிதாகக் கட்டிவிட்டார்கள். 2018 மார்ச் 30 அன்று பயணிகள் ரயில் வந்து நின்றது. 58 வருஷம் கழித்து!

★ புதுச் செங்கல் வாங்கிக் கட்டினால் என்ன? கூடாது! இன்றைய செங்கல் அந்தக் காலத்துச் செங்கலைவிட அளவில் கொஞ்சம் சிறியது. வரிசை பிசகும், பார்த்தவுடனே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இடித்த கட்டடங்களின் செங்கலைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஒரு கையில் செங்கல், மறு கையில் சுத்தியல். ஒட்டியிருக்கும் பழைய சுண்ணாம்புக் காரையைத் தட்டித் தட்டி எடுக்கிறார்கள். ஒவ்வொரு செங்கலுக்கும் இதே வேலை!

★ பிராட்வே வழியாக ஓடும் குளோஸ்டர்ஷயர் வார்விக்ஷயர் ரயில்வே 1984இல் முதல் ரயிலை விட்டபோது எவ்வளவு தூரம் ஓடியது தெரியுமா? வெறும் 700 கஜம்! ஏறி உட்காருவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். இன்று அதே பாதை 14 மைல்!

★ அதே பாதையில் வின்ச்கோம்ப் ஸ்டேஷன். அதன் கட்டடம் அந்த ஊருடையதே அல்ல! வேல்ஸில் மூடிக்கிடந்த மான்மத் டிராய் ஸ்டேஷனைக் கல் கல்லாகப் பிரித்து, ஏற்றிக்கொண்டு வந்து, இங்கே மறுபடி அடுக்கிவிட்டார்கள். ஒரு ஸ்டேஷனே ஊர் மாறியது!

★ ஹெய்ல்ஸ் அபி ஹால்ட். சின்னஞ்சிறு நிறுத்தம். 1928இல் வந்தது, 1960இல் போனது. இதைப் போய் யார் திரும்பக் கட்டுவார்கள் என்கிறீர்களா? கட்டினார்கள்! 2017இல் மறுபடி திறந்தேவிட்டார்கள்!

★ கிடர்மின்ஸ்டர் டவுன் ஸ்டேஷனைப் பார்த்தால் விக்டோரியா மகாராணி காலத்தது என்று அடித்துச் சொல்வீர்கள். தப்பு! செவர்ன் வேலி ரயில்வே அங்கே ரயில் விட ஆரம்பித்ததே 1984இல்தான். ராஸ்-ஆன்-வை என்ற ஊரில் இருந்த பழைய ஸ்டேஷனின் சாயலில் அப்படியே எழுப்பிய புதுக் கட்டடம் அது!

★ ஒரே பாதையில் மூன்று காலம் பார்க்க வேண்டுமா? புளூபெல் ரயில்வேக்குப் போங்கள். ஷெஃபீல்டு பார்க் ஸ்டேஷன் 1880களில் நிற்கிறது. ஹார்ஸ்டெட் கீன்ஸ் 1930களில். கிங்ஸ்கோட் 1950களில். பெயர்ப்பலகை, விளக்கு, விளம்பரத் தகடு எல்லாமே அந்தந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரி. 70 வருஷத்தை ஒரே டிக்கெட்டில் கடக்கலாம்!

★ 'டவுன்டன் அபி' தொடரில் வரும் ரயில் நிலையம் எது? அந்த ஹார்ஸ்டெட் கீன்ஸேதான்!

★ புளூபெல் பாதையை 1955இல் மூடினார்கள். மேட்ஜ் பெஸ்ஸமர் என்ற பெண்மணி பழைய சட்டத்தைப் புரட்டினார். 1878ஆம் வருஷச் சட்டம். தினமும் நான்கு ரயில் விட்டே ஆகவேண்டும் என்று அதில் இருந்தது! அரசு ரயில்வேக்கு வேறு வழியில்லை. 1956இல் மறுபடி ரயில் விட்டது. 1958இல் நிரந்தரமாக மூடிய அதே பாதையில் தன்னார்வலர்கள் 1960இலேயே ரயில் ஓட்டிவிட்டார்கள்!

★ அதன் பிறகுதான் பெரிய சோதனை. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் போகும் வழியில் ஒரு பள்ளம் முழுக்க ஊர்க் குப்பை! பாதை மூடிய பிறகு கொட்டி நிரப்பிவிட்டார்கள். ஆளுக்கு 10 பவுண்டு தாருங்கள் என்று கேட்டு நிதி திரட்டினார்கள். குப்பையைத் தோண்டி, ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். 2013 மார்ச்சில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்கு ரயில் போய்ச் சேர்ந்தது. மூடி 55 வருஷத்துக்குப் பிறகு!

★ இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது வேல்ஸின் டாலிலின் ரயில்வே. 1950இல் உரிமையாளர் இறந்துபோனார். எழுத்தாளர் டாம் ரோல்ட் ஆட்களைத் திரட்டினார். 1951 மே 14 அன்று ரயில் கிளம்பியது. தன்னார்வலர்கள் காப்பாற்றி ஓட்டிய உலகின் முதல் ரயில்வே இதுதான்!

★ அன்று அவர்களிடம் ஓடும் நிலையில் இருந்த என்ஜின்? ஒன்றே ஒன்று! பெயர் டால்கோக். 1866இல் செய்தது. இன்றும் அந்த ரயில்வேயில்தான் இருக்கிறது!

★ 'தாமஸ்' ரயில் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரி, டாலிலினில் கார்டாக வேலை பார்த்த தன்னார்வலர். ஒருநாள் விசிலை ஊதிவிட்டார். ரயில் கிளம்பிவிட்டது. சிற்றுண்டி விற்கும் அம்மாள் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார்! விடுவாரா ஆட்ரி? அதையும் கதையாக்கிவிட்டார்!

★ வேல்ஸில் இன்னொரு சாகசம். ஃபெஸ்டினியாக் ரயில்வேயின் பழைய பாதையை நீர்மின் நிலையத்தின் ஏரி மூழ்கடித்துவிட்டது. சோர்ந்தார்களா? மலையைச் சுற்றிப் புதுப் பாதையே போட்டார்கள்! 1965இல் தொடங்கி 1978இல் ரயில் விட்டார்கள். மேலே ஏறுவதற்காகத் தண்டவாளம் ஒரு முழு வட்டம் அடித்துத் தன்னையே தாண்டிப் போகிறது. பிரிட்டனின் பயணிகள் ரயில் பாதைகளில் இப்படி ஒரு சுருள் இது ஒன்றுதான்!

★ முதல் ஹாரி பாட்டர் படத்தில் வரும் ஹாக்ஸ்மீட் ஸ்டேஷன் மாயமல்ல, நிஜம்! யார்க்ஷயரின் கோத்லாண்ட் ஸ்டேஷன். பாதையை 1965இல் மூடினார்கள். 1973இல் ஆர்வலர்கள் திறந்தார்கள். அவர்கள் விட்டிருந்தால் அந்தக் காட்சி ஏது?

★ நம் ஊர் ஸ்டேஷன்களில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன் தந்த கெட்டி அட்டை டிக்கெட் நினைவிருக்கிறதா? தேதி குத்தும் இயந்திரத்தில் 'டக்' என்று விழுமே, அதேதான். 1830களில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேய ஸ்டேஷன் மாஸ்டர் கண்டுபிடித்தது. இந்தப் பாரம்பரிய ஸ்டேஷன்கள் பலவற்றில் இன்றும் அதே அட்டைதான்!

★ என்ஜின் ஓட்ட ஆசையா? முதலில் எண்ணெய்த் துணியோடு என்ஜினைத் துடைக்க வேண்டும். அப்புறம் நிலக்கரி அள்ளிப் போட வேண்டும். அதற்குப் பிறகே டிரைவர். இதற்குப் பல வருஷம் ஆகும். சம்பளம் கிடையாது. சங்கத்துக்குச் சந்தா வேறு கட்ட வேண்டும்! அப்படியும் பிரிட்டன் முழுக்க இப்படி உழைப்பவர்கள் 20,000க்கும் மேல்!

★ கடைசியாக ஒன்று. ஸ்வானேஜ் பாதையை 1972 ஜனவரியில் மூடினார்கள். கோடையிலேயே ஆறரை மைல் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். தன்னார்வலர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போட்டுக்கொண்டே வந்து, 2002இல் நாட்டின் முக்கியப் பாதையோடு இணைத்தேவிட்டார்கள். பெயர்த்தெடுக்க ஆனது 7 வாரம். அதைத் திரும்பக் கொண்டுவர 30 வருஷம். விடவே இல்லை!