பனிநாட்டுத் தண்டுப்பூண்டு: விதை தெரிந்தெடுக்கும் முறை

வெள்ளைப்பூண்டில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. நடுவே கடினமான பூந்தண்டு எழும்புவது ஒன்று. தண்டின்றிக் கழுத்து மெத்தென்று ஒடுங்குவது மற்றொன்று. அமெரிக்காவின் நியூயார்க் ராஜ்யத்திலும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலும் குடியானவர் பெரிதும் விரும்புவது முன்னதையே. நிலம் பனியால் உறைவதற்குச் சில வாரங்கள் முன்னதாக, பெரும்பாலும் அக்டோபர் மாதத்தில், இதனை நடுகின்றனர். வேரூன்றிய பயிர் குளிரில் அடங்கிக் கிடந்து, வசந்தத்தில் தழைத்து, ஜூலையில் அறுவடைக்கு வரும். போதிய குளிர் பெறாத பூண்டு பற்களாகப் பிரியாமல் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடும். ஆகையால் நம் சமவெளியில் இதை நட்டுப் பலன் எதிர்பார்த்தல் வீண்.

ரோக்கம்போல் என்னும் வகையின் தோல் எளிதில் உரியும். ருசியில் இதற்கு மிஞ்சியது இல்லை என்பர் பலர். ஆயினும் அத்தளர்ந்த தோலினாலேயே இது நெடுநாள் சேமிப்புக்கு உதவாது. போர்சலேன் வகை காரம் மிகுந்தது, நெடுநாள் கெடாது. ஒண்டாரியோவில் பரவிய 'மியூசிக்' ரகம் இவ்வகையினதே. ஆனால் பூண்டு ஒன்றுக்கு நான்கு முதல் ஆறு பற்களே இருப்பதால், விளைச்சலில் நாலில் ஒரு பங்குவரை மறு விதைக்கே ஒதுக்க நேரும். வாங்கும்போது பருமனைக் கண்டு மகிழ்பவர் இக்கணக்கை மறந்துவிடுகின்றனர். ஊதாவரிப் பூண்டோ, சுட்டால் இனிக்கும்.

ரகத்தினும் முக்கியமானது விதையின் சுத்தம். 2010-ஆம் ஆண்டில் நியூயார்க் ராஜ்யத்துப் பூண்டு வயல்கள் பலவற்றில் தண்டு நூற்புழு கண்டறியப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாத இப்புழு விதைப் பற்களோடு ஊர்விட்டு ஊர் செல்லும்; பூண்டின் அடித்தட்டை அழுகச் செய்யும். வெளித்தோற்றத்தில் குறையற்ற பூண்டிலும் இது பதுங்கியிருக்கக் கூடும். எனவே கடைத்தெருப் பூண்டை விதைக்காமல், பரிசோதித்த விதையையே வாங்குதல் நலம். வெங்காய இனம் எதுவும் விளைந்த நிலத்தில் சில ஆண்டுகளுக்குப் பூண்டு நடலாகாது.

பெரிய பற்களைத் தெரிந்து, தோலுரியாமல் பிரித்து, கூர்முனை மேல்நோக்க, ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றி, மேலே வைக்கோல் பரப்புவர். கோடையின் தொடக்கத்தில் சுருண்டெழும் பூந்தண்டைக் கிள்ளிவிட்டால் பூண்டு பருக்கும். கிள்ளிய இளந்தண்டு எறியத் தக்கதன்று. பொடியாக நறுக்கி வதக்கினால் நல்ல கறியாகும்.