சமூக ஊடகங்களில் எழும் கடும் விமர்சனங்களைக் கையாளுதல்

ஒரு நிறுவனத்தின் சேவை அல்லது ஒரு படைப்பாளியின் படைப்பு குறித்துச் சமூக ஊடகங்களில் எழும் குறைகூறல்களுக்குப் பதில் அளித்து, திருத்த வேண்டியதைத் திருத்துவதே விமர்சனங்களைக் கையாளுதல் எனப்படுகிறது. தொலைபேசியில் சொல்லப்படும் புகாரை இரு தரப்பினர் மட்டுமே அறிவர். சமூக ஊடகத்தில் இடப்படும் புகாரையும் அதற்கான பதிலையும் ஆயிரக்கணக்கானோர் படிக்கின்றனர். எனவே அங்கு எழுதப்படும் ஒவ்வொரு பதிலும் அவர்கள் அனைவருக்குமான பதிலாகிறது.

விமர்சனத்தின் வகைகள்

விமர்சனங்களை நான்காகப் பிரிக்கலாம்.

1. குறைபாட்டைச் சுட்டும் புகார்: உணவு குறைவாக வந்தது, பணம் திரும்பவில்லை போன்றவை. விசாரித்துத் தீர்வு தர வேண்டும்.
2. கருத்து வேறுபாடு: படைப்பு பிடிக்கவில்லை என்பது போன்றவை. இவற்றுக்கு மறுப்பு தேவையில்லை.
3. தவறான தகவல்: சான்றுடன் ஒருமுறை விளக்கினால் போதும்.
4. வசையும் மிரட்டலும்: பதில் சொல்லாமல், சான்றைச் சேமித்துக்கொண்டு புகார் அளிக்க வேண்டும்.

கோபமான சொற்களில் எழுதப்பட்டதாலேயே ஒரு நியாயமான புகாரை நான்காம் வகையில் சேர்த்துவிடுவது பலர் செய்யும் தவறாகும்.

சொமாட்டோ நிகழ்வு (2021)

2021 அக்டோபரில் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர், தாம் கேட்ட உணவில் ஒரு பகுதி வரவில்லை எனச் சொமாட்டோ நிறுவனத்திடம் முறையிட்டார். உரையாடலில் மொழிச் சிக்கல் எழுந்தபோது, இந்தி தேசிய மொழி என்பதால் அனைவரும் அதைச் சிறிதேனும் அறிந்திருக்க வேண்டும் என உதவி மையப் பணியாளர் கூறினார். இந்திய அரசமைப்புச் சட்டம் எந்த மொழியையும் தேசிய மொழியாக அறிவிக்கவில்லை. உரையாடலின் படம் டுவிட்டரில் பரவ, நிறுவனத்தைப் புறக்கணிக்கும் அழைப்புகள் எழுந்தன.

நிறுவனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கோரியது. தமிழ்ச் செயலி உருவாகி வருவதாகவும், கோயம்புத்தூரில் தமிழ் உதவி மையம் அமைக்கப்படுவதாகவும் தெரிவித்தது. இவை புகாரின் காரணத்தைத் தொட்ட பதில்கள். ஆனால் பணியாளரை நீக்கியதாகவும் அறிவித்தது. சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல் அவரை மீண்டும் பணியில் சேர்ப்பதாக அறிவித்தார். அத்துடன், நாட்டில் சகிப்புத்தன்மை கூட வேண்டும் என்றும் எழுதியதால், புகார் செய்தவர்களையே குறைசொல்வதாகப் புதிய கண்டனம் எழுந்தது.

அழுத்தத்தைத் தணிக்கக் கடைநிலைப் பணியாளரை அவசரமாகத் தண்டிப்பதும், மன்னிப்புக்குப் பின் அறிவுரை கூறுவதும் பதிலின் பயனைக் குறைக்கும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. பயிற்சியும் தமிழறிந்த பணியாளர்களும் இல்லாத குறை ஒரு தனிநபருடையதன்று.

ஊடகமும் நேரமும்

2009 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினாவில் டொமினோஸ் கடை ஊழியர்கள் இருவர் உணவை அசுத்தப்படுத்தும் காணொளி யூடியூபில் பரவியது. நிறுவனம் உடனடியாகப் பொது அறிவிப்பு வெளியிடவில்லை. பின்னர் அதன் அமெரிக்கத் தலைவர் யூடியூபிலேயே தோன்றி மன்னிப்புக் கோரினார். குறை பரவிய இடத்திலேயே பதில் அளித்தது பாராட்டப்பட்டது, தாமதம் விமர்சிக்கப்பட்டது. முழு விவரம் கிடைக்கும் முன்பே, "விசாரித்து வருகிறோம்" என்று ஒரு வரி தெரிவிப்பது இத்தகைய வெற்றிடத்தைத் தவிர்க்கும்.

மறைக்க முயல்வதன் விளைவு

2003 இல் அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட், தமது கடற்கரை வீடு தெரியும் ஒளிப்படத்தை நீக்கக் கோரி வழக்குத் தொடுத்தார். அதற்கு முன் 6 முறை மட்டுமே பதிவிறக்கப்பட்டிருந்த படம், வழக்குச் செய்திக்குப் பின் பல இலட்சம் பேரின் பார்வைக்குச் சென்றது. மறைக்க முயல்வதாலேயே ஒன்று பரவுவது இன்று ஸ்ட்ரைசாண்ட் விளைவு எனப்படுகிறது. நியாயமான கருத்துகளை அழிப்பதும் இதே விளைவைத் தரக்கூடும்.

தனிப் படைப்பாளிகள்

பதில் அளிக்கத் தனிப் பிரிவு வைத்திருக்கும் நிறுவனங்களைப் போலன்றி, தனிப் படைப்பாளி வசைகளையும் தாமே படிக்க நேர்கிறது. குறிப்பிட்ட சொற்கள் உள்ள கருத்துகளைத் தடுத்து வைக்கும் வசதி யூடியூப், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் உள்ளது. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கருத்துகளைப் பிரித்துத் தரச் சொல்வதும் உதவும். விமர்சித்தவரின் கணக்கைத் தம்மைப் பின்தொடர்வோருக்குச் சுட்டிக்காட்டுவது, அவரைப் பலரின் தாக்குதலுக்கு உள்ளாக்கும் என்பதால் தவிர்க்கத்தக்கது.

சட்ட நிலை

இந்தியாவில் அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356 ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். பொதுநலன் கருதிக் கூறப்படும் உண்மைக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே உண்மையான புகாருக்கு வழக்கு மிரட்டல் விடுப்பது பெரும்பாலும் பயன் தராது.