திண்டிவனத்து இரவும் வேலூர்ச் சக்கர நாற்காலியும்

அவலூர்பேட்டைக்காரர்களுக்குக் கோட்டை என்றால் செஞ்சி. வேலூர் என்றால் ஆஸ்பத்திரி. உள்ளூரில் கைவிரித்து, திருவண்ணாமலையிலும் சரிப்பட்டு வரவில்லை என்றால், 'சி.எம்.சி.க்குக் கொண்டு போயிடுங்க' என்று யாராவது ஒரு பெரியவர் சொல்வார். சேத்துப்பட்டு வழியாகவோ போளூர் வழியாகவோ பஸ் பிடித்து, எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குடும்பமே கிளம்பும். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி என்ற அந்த ஆஸ்பத்திரியின் கதை தொடங்கியது வேலூரில் அல்ல, செஞ்சியைத் தாண்டிக் கிழக்கே இருக்கும் திண்டிவனத்தில். ஒரு இளம்பெண் தன் வாழ்க்கையைக் கடவுளிடம் ஒப்புக்கொடுத்த இரவில்.

ஒப்புக்கொடுத்தல் என்பது கிறிஸ்தவச் சபைகளில் தினமும் காதில் விழும் பேச்சு. சுவரொட்டிகளில் 'எழுப்புதல் கூட்டம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கூட்டத்தின் முடிவில் 'உன்னை முழுவதுமாக ஆண்டவர் கையில் ஒப்புக்கொடு' என்று ஊழியக்காரர் அழைப்பார். கண்ணீரோடு சிலர் முன்னால் வருவார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் ஆண்டின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஞாயிறு. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755-இல் லண்டனில் நடத்திக் காட்டிய அர்ப்பணிப்பு வழிபாட்டின் தொடர்ச்சி அது. கடவுள் எங்கே வைத்தாலும் இருப்பேன், வேலை கொடுத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி என்று சபையே எழுந்து நின்று வாக்குக் கொடுக்கும். சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் புத்தாண்டு பிரியாணி சாப்பிடலாம். வாக்கு உண்மையிலேயே வேலை கேட்டு வரும்போது என்ன ஆகிறது என்பதைப் பார்க்கத்தான் ஆட்கள் வேண்டும். வேலூரில் அப்படி இரண்டு பேர் கிடைக்கிறார்கள்.

முதலாமவர் ஐடா ஸ்கடர். 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவ மிஷனரி. அப்பாவும் ஆற்காடு மிஷனில் டாக்டர். குடும்பத்தில் யாரைத் தொட்டாலும் மிஷனரிதான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை வேலூரில் குழந்தையாகப் பார்த்த ஐடாவுக்கு இந்தியாவே வேண்டாம் என்றிருந்தது. அமெரிக்காவில் படித்து, அங்கேயே கல்யாணம், அங்கேயே குடித்தனம் என்று தீர்மானமாக இருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்ததால்தான், 1890-ஐ ஒட்டி, திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு.

அப்போதுதான் அந்த இரவு. ஒரு பிராமணர் வந்து, மனைவிக்குப் பிரசவ வேதனை, வந்து பாருங்கள் என்று கேட்கிறார். நான் டாக்டர் இல்லை, அப்பாவை அனுப்புகிறேன் என்கிறார் ஐடா. வேற்று ஆண் என் மனைவியைப் பார்ப்பதா, அதைவிட அவள் சாகலாம் என்று அவர் திரும்பிவிடுகிறார். அடுத்து ஒரு முஸ்லிம், பிறகு ஒரு முதலியார். கேட்டதும் ஒன்று, கிடைத்த பதிலும் ஒன்று. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஜெபத்தில் மல்லாடிய ஐடா, மருத்துவம் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வருகிறேன் என்று பெற்றோரிடம் சொன்னார்.

இந்தக் கதையை மேடைகளில் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே ஆமென் போட்டுவிடுகிறார்கள். அந்த இரவு யாரையும் காப்பாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதன்பின் வந்த வருஷங்கள்தான் காப்பாற்றின. 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். மேரி டேபர் ஷெல் என்ற பெண்மணியின் நினைவாக அவர் கணவர் கொடுத்த பத்தாயிரம் டாலரோடு 1900-இல் வேலூர். வந்த சில மாதங்களில் அப்பா மரணம். 1902-இல் 40 படுக்கைகளோடு பெண்களுக்கான மருத்துவமனை. 1909-இல் செவிலியர் பயிற்சி. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதற்கிடையில் குடியாத்தம் சாலையில் புளியமரத்தடி வைத்தியம்.

சபையில் யாரும் அதிகம் பேசாத இன்னொரு ஒப்புக்கொடுத்தலும் ஐடாவின் வாழ்வில் உண்டு; முதலாவதைவிட அது கசப்பானது. 1930-களின் இறுதியில் அரசு மருத்துவப் படிப்பின் தரத்தை எம்.பி.பி.எஸ்.ஸுக்கு உயர்த்தச் சொன்னது. அதற்கு வேண்டிய பணமும் பேராசிரியர்களும் ஐடாவிடம் இல்லை. ஆண்களையும் சேர்த்து, எல்லா மிஷன்களும் கூட்டாக நடத்தும் கல்லூரியாக்கினால் பிழைக்கலாம் என்ற நிலை. பெண்களுக்கென்று அமெரிக்கப் பெண்கள் காசு காசாகச் சேர்த்துக் கட்டியது அது. ஐடாவுக்குத் தோள்கொடுத்து நிதி திரட்டிய லூசி பீபாடி கடுமையாக எதிர்த்தார். எழுபதைத் தொட்ட வயதில் ஐடா தன் கனவின் பாதியைக் கைவிட்டார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வந்தது, 1947-இல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். உலகத்தை விட்டுவிடுவது சுலபம் என்று தோன்றுகிறது. கடவுளுக்காகவே செய்த வேலையில் 'என் இஷ்டப்படி' என்பதை விடுவதுதான் கஷ்டம்.

இரண்டாமவர் அந்தக் கல்லூரியிலேயே உருவான டாக்டர் மேரி வர்கீஸ். கொச்சிப் பக்கத்துக்காரர், 1925-இல் பிறந்தவர், மகப்பேறு மருத்துவராகத் தேறிக்கொண்டிருந்தவர். 1954 ஜனவரி 30 அன்று சக டாக்டர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழமான வெட்டு. முதுகுத்தண்டு நரம்பு சேதம். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வயது 28.

பக்தியுள்ள பெண்தான். அதனால் வலி குறைந்துவிடவில்லை. பல அறுவை சிகிச்சைகள், மாதக்கணக்கில் படுக்கை, எழுந்து நடப்போமா என்ற கேள்வி. அப்போது தொழுநோயாளிகளின் கைகளுக்கான அறுவை சிகிச்சையில் முன்னோடியாக இருந்த பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை சிகிச்சை இது, நீங்கள் செய்யலாமே என்றார்.

தொழுநோய் முழங்கைப் பக்கத்து நரம்பைத் தாக்கினால் விரல்களை நேராக்கும் சிறு தசைகள் செயலிழந்து, கை பருந்தின் நகம்போல் மடங்கிவிடும். சோற்றுப் பருக்கையைக்கூடச் சேர்த்து எடுக்க முடியாது. இன்னும் வேலை செய்யும் வேறொரு தசையின் நாணைப் பிரித்து, விரல்களுக்கு இழுத்துத் தைத்தால் விரல் நிமிரும். பிறகு வாரக்கணக்கில் பயிற்சி. வேறு வேலைக்குப் பழகிய தசைக்குப் புது வேலையை மூளை கற்றுக்கொள்ள வேண்டும். இதை மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்தார்.

டாக்டருக்கும் நோயாளிக்கும் இடையே ஒரு ஒற்றுமை இருந்தது. தொழுநோயாளிக்குக் கையில் வலி தெரியாது. கொதிக்கும் சட்டியைத் தொட்டாலும் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றாது, அதனால்தான் புண். மேரிக்கும் அப்படித்தான்: நெடுநேரம் ஒரே பக்கமாக உட்கார்ந்தால் படுக்கைப் புண் வந்தது தெரியாது. வலி இல்லாத உடம்பைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் காக்க வேண்டும் என்று நோயாளியிடம் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்?

பெர்த்திலும் பிறகு நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று 1960-களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பிய மேரி, அந்தத் துறைக்குத் தலைமையேற்றார். 1966-இல் முதுகுத்தண்டு பாதித்தவர்கள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் தொடங்கியது. இந்தியாவில் அத்தகைய நிலையங்களில் அதுதான் முன்னோடி. 1972-இல் பத்மஸ்ரீ. 1986-இல் காலமானார்.

கடைசிவரை அவர் நடக்கவில்லை. சாட்சி சொல்லும் கூட்டங்களில் கேட்கிற கதைகளிலிருந்து அவர் கதை விலகி நிற்கும் இடம் இதுவே. அங்கே ஒப்புக்கொடுத்தால் போனது வட்டியோடு திரும்பிவிடும்: கடன் தீரும், நோய் போகும், வீடு அமையும். துன்பப் பாத்திரம் நீங்கட்டும் என்று கெத்சமனேத் தோட்டத்தில் இயேசு செய்த ஜெபத்துக்குக்கூட அப்படிப்பட்ட பதில் வரவில்லை, பாத்திரம் நீங்கவில்லை. அதன் சாயலில் நடக்கும் ஒப்புக்கொடுத்தலிலும் இழந்த பொருள் திரும்பும் என்ற உத்தரவாதம் இல்லை. புதுப்பிக்கப்படுவது ஆள். மேரியின் விஷயத்தில் கால்கள் போனது போனதுதான். டாக்டர் திரும்பி வந்தார்.

இந்தப் போதனையைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு செய்யும் கேடும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனைச் சகித்துக்கொள், ஆண்டவரிடம் ஒப்புக்கொடு என்று பெண்ணுக்குப் புத்திமதி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு என்கிறவர்களும் இருக்கிறார்கள். ஐடாவைப் பாருங்கள்: ஆண் டாக்டர் தொடக்கூடாது என்ற வழக்கத்துக்கு அவர் பணிந்துபோகவில்லை, கடவுளுக்குப் பணிந்ததால் அந்த வழக்கத்தையே சுற்றி வளைத்துத் தாண்ட, பெண் டாக்டர்களை உருவாக்கினார். மேரி முதுகுத்தண்டுக் காயத்தைக் கடவுள் சித்தம் என்று விட்டுவிட்டு உட்காரவில்லை; அதற்கான மருத்துவத்தையே படித்தார். ஒப்புக்கொடுத்த பிறகு இருவருக்கும் வேலை கூடியதே தவிரக் குறையவில்லை.

பாகாயத்து நிலையத்தில் இப்போது சேர்கிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. தென்னைமரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் தவறியவர், பைக்கில் அடிபட்டவர். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர்க் குழாயைத் தானே போட்டுக்கொள்வது, சின்னக் கண்ணாடி வைத்துத் தன் இடுப்பின் பின்பக்கத்தில் புண் இருக்கிறதா என்று பார்ப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள். ஊரில் என்ன தொழில் செய்து பிழைப்பது என்ற பேச்சும் அங்கேயே தொடங்குகிறது. வீடு திரும்பியவர்களுக்காக மறுவாழ்வு மேளா நடக்கும். பழைய நோயாளிகள் குடும்பத்தோடு வந்து உடம்பைச் சோதித்துக்கொண்டு, விளையாட்டுப் போட்டிகளிலும் கலந்துகொண்டு, தங்களுக்குப் பின்னால் அடிபட்டு வந்திருக்கும் புது ஆட்களோடு பேசிவிட்டுப் போகிறார்கள்.