உங்களுக்குத் தெரியுமா? கட்டி தென்படாத மார்பகப் புற்றுநோயும் உண்டு

மார்பகப் புற்றுநோய் என்றாலே நாம் கட்டியைத்தான் தேடுகிறோம். அழற்சி மார்பகப் புற்றுநோயோ பல நேரம் கட்டியாகத் திரள்வதே இல்லை. அமெரிக்காவில் கண்டறியப்படும் மார்பகப் புற்றுநோய்களில் இது 1 முதல் 5 சதவீதம்தான். புற்றணுக்கள் தோலின் நிணநீர்க் குழாய்களை அடைத்துவிட, சில வாரங்களிலேயே மார்பகம் வீங்கிச் சிவக்கிறது. தோல் ஆரஞ்சுத் தோலைப்போல் குழிகுழியாகிறது. கறுத்த மேனியில் அந்தச் சிவப்பு ஊதாவாகவோ கருமையாகவோ தெரிவதால் எளிதில் கவனம் தப்பிவிடும். மேமோகிராமிலும் தடித்த தோலும் கூடிய அடர்த்தியும் மட்டுமே தென்படலாம். ஆகவே ‘கட்டி இல்லை’ என்ற அறிக்கையை ‘நோய் இல்லை’ என்று படிப்பது ஆபத்து.

சிவந்து வீங்கினால் பெரும்பாலும் சாதாரணத் தொற்றுதானே, எல்லோரையும் ஏன் பயமுறுத்த வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாலூட்டும் தாய்க்கு முதலில் ஆன்டிபயாடிக் கொடுப்பது சரியே. ஆனால் ஓரிரு வாரத்தில் வீக்கம் வடியாவிட்டால், மருந்தை மாற்றி மாற்றிக் காத்திருக்கக் கூடாது. ஏனெனில் அழற்சி மார்பகப் புற்றுநோய் கண்டறியும்போதே குறைந்தது மூன்றாம் நிலையை எட்டியிருக்கும். மேமோகிராம் காட்டாததை எம்ஆர்ஐ ஸ்கேன் பெரும்பாலும் காட்டிவிடும். அதற்குச் செலவு அதிகம் என்பது உண்மைதான். தாமதத்துக்கு அது காரணமாகிவிடக் கூடாது. அல்ட்ராசவுண்டே அக்குள் நிணநீர்க் கணுக்களைக் காட்டி, திசு எடுக்கும் ஊசி எங்கே இறங்க வேண்டும் என்று வழிகாட்டும். புற்றுநோயை உறுதிசெய்வது திசுப் பரிசோதனை. தோல் மாதிரியில் மட்டும் புற்றணு கிடைக்கவில்லை என்பதற்காகச் சந்தேகத்தைக் கைவிடுவதும் தவறு.